கறுப்பு பானெட்டில் சிலந்தி வலை: கார் பெயின்டின் சுழல் கீறல்களை வீட்டிலேயே பார்த்துச் சரிசெய்வது

கார் வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு ராத்திரி பெட்ரோல் போட நின்றபோது, பங்க் கூரையின் எல்.இ.டி. விளக்கு பானெட்டில் விழுந்த இடத்தைச் சுற்றி ஒரு சிலந்தி வலை தெரிந்தது. இரண்டடி நகர்ந்தேன், வலையும் கூடவே நகர்ந்தது. விரலால் துடைத்தேன், அப்படியே இருந்தது. கறுப்புக் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு விளக்கடியில் இந்த வலையைப் பார்த்திருப்பார்கள். வெள்ளைக் காரிலும் அது இருக்கிறது. கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

டீட்டெய்லிங் கடைகளில் இதை ஸ்விர்ல் என்பார்கள். நான் சுழல் கீறல் என்றே எழுதுகிறேன். பெயர்தான் சுழல், கீறல்கள் வட்டமாக இல்லை. நாலைந்து வருடம் பழகிய எவர்சில்வர் தட்டு ஒன்றை பல்புக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பல்பின் பிம்பத்தைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடு தெரியும். தட்டை நகர்த்தினால் வளையங்களும் இடம் மாறும். உண்மையில் தட்டில் எல்லாத் திசையிலும் கீறல் கிடக்கிறது. அவற்றில் வெளிச்சத்துக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் மின்னுகின்றன, மின்னுகிறவை சேர்ந்து வட்டம்போலத் தோன்றுகின்றன. பானெட்டிலும் இதே சங்கதிதான். பாத்திரத்தில் தேங்காய் நார் செய்த வேலையை இங்கே துடைக்கிற துணி செய்திருக்கிறது.

இனி எவ்வளவு இடம் இருக்கிறது என்ற கணக்கு. இரும்புத் தகட்டின் மேல் துரு தடுக்கிற பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 140 மைக்ரான்தான் வரும். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் 70 மைக்ரான் அளவு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சுழல் கீறல் அந்தக் கிளியர் கோட்டின் மேலாக ஒன்றிரண்டு மைக்ரான் ஆழத்தில் கிடக்கிறது. அதை எடுப்பது என்றால் பள்ளத்தை நிரப்புவது இல்லை. சுற்றியிருக்கிற மேட்டைப் பள்ளத்தின் அடிமட்டம் வரை சீவி இறக்குவது. சீவியது திரும்ப வளராது. காரின் ஆயுள் முழுக்கச் சேர்த்து 7, 8 மைக்ரானுக்கு மேல் எடுக்காதே என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வழக்கமாகச் சொல்கிற எல்லை. அதைத் தாண்டி மெலிந்த கிளியர் கோட் நம் ஊர் வெயிலைத் தாங்காது. சில வருடத்தில் வெளிறி, தோல் தோலாக உரியும்.

அதனால்தான் இந்தக் கட்டுரையில் பாலிஷ் போடுகிற மெஷினுக்கு முன்னால், கீறலைப் பார்க்கிற டார்ச்சுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில், கீறியது யார்

இதைக் கண்டுபிடிக்காமல் பாலிஷ் போட்டால் மூன்று மாதத்தில் வலை திரும்ப வந்துவிடும். என் காரில் குற்றவாளிகள் மூன்று பேர்.

முதலாவது, காய்ந்த தூசி மேல் துணி போடுவது. காலையில் கிளம்பும் அவசரத்தில் டிக்கியில் இருக்கிற டஸ்டரை எடுத்து நாலு தட்டு தட்டுவோமே, அது. சென்னைத் தூசியில் கட்டட வேலை மணல் நிறைய. மணல் கிளியர் கோட்டைவிடக் கடினமானது. டஸ்டர் அதைத் தள்ளிவிடுவதில்லை, இழுத்துக்கொண்டு போகிறது.

இரண்டாவது, அடுக்குமாடிகளில் நடக்கிற ஒற்றை பக்கெட் துடைப்பு. முதல் கார் முடியும்போதே தண்ணீர் பழுப்பாகிவிடும். எட்டாவது கார் நம்முடையது என்றால், முன்னால் போன ஏழு கார்களின் மண்ணும் அந்தத் துணியில் இருக்கிறது.

மூன்றாவதை நான் வெகுநாள் யோசிக்கவே இல்லை: ஆயுத பூஜை. பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து, இரண்டு நாள் வெயிலில் காய்ந்து பாறையான பிறகு, ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்து எடுத்திருக்கிறேன். என் பானெட்டின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு மூன்று இடத்தில் மட்டும் கீறல் அடர்ந்திருந்ததற்கு அதுதான் காரணம். பொட்டு வைக்க வேண்டாம் என்று சொல்ல நான் யார்? நம்பர் பிளேட்டிலோ முன்கண்ணாடியிலோ வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது. பானெட்டில்தான் வைக்க வேண்டும் என்றால், நிறையத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு எடுங்கள்.

காருக்கு உறை போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தூசி படிந்த கார் மேல் உறை போட்டு, ராத்திரி காற்றில் அது அசைந்தால், விடியவிடிய உப்புத்தாள் தேய்த்த மாதிரி. கழுவின கார் மேல் மட்டும் உறை.

கழுவுவது

கீறலைப் பார்க்க வேண்டுமென்றால் அதன் மேல் எதுவும் இருக்கக் கூடாது. காரை நிழலில் நிறுத்தி, பானெட் ஆறும்வரை காத்திருங்கள். முதலில் தண்ணீரை மட்டும் பீய்ச்சி, தானாகப் போகிற மண் போகட்டும். பிறகு இரண்டு பக்கெட்: ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்புவில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவி, வெறும் தண்ணீரில் அலசி மண்ணை விட்டு, மறுபடி ஷாம்புவில் முக்க வேண்டும். கூரையில் ஆரம்பித்துக் கீழே வாருங்கள். கதவின் அடிப்பகுதி, பம்பரின் அடி எல்லாம் கடைசியில், முடிந்தால் வேறு கையுறையில். சக்கரத்துக்கு எடுத்த துணி மேலே வரவே கூடாது. இந்த ஒரு முறை பாத்திரம் கழுவுகிற திரவம் கொஞ்சம் கலந்தாலும் தப்பில்லை. பழைய வாக்ஸ் போகட்டும். ஆனால் வாராவாரம் அதில் கழுவாதீர்கள்.

துடைக்கும்போது பழைய பனியனும் வேண்டாம், மெக்கானிக் ஷாப்பில் கிடைக்கிற பனியன் வேஸ்ட்டும் வேண்டாம். அதன் தையல் ஒன்றே போதும் கீறுவதற்கு. அடர்ந்த மைக்ரோஃபைபர் துண்டைப் பரப்பி, ஒத்தி எடுங்கள்.

போர் தண்ணீர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம். பானெட்டில் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக வட்டம் விழும். அது கீறல் இல்லை, சுண்ணாம்புப் படிவு. வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, நனைத்த துணியை ஒரு நிமிடம் போட்டு வைத்துத் துடைத்தால் பெரும்பாலும் கரைந்துவிடும். பிறகு நன்றாகக் கழுவிவிடுங்கள். அதற்குப் பிறகும் வட்டத்தின் தடம் தெரிந்தால், உப்பு கிளியர் கோட்டை அரித்துவிட்டது என்று அர்த்தம், அது பாலிஷில்தான் போகும்.

கழுவித் துடைத்ததும் கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு, பானெட்டின் மேல் லேசாக நகர்த்திப் பாருங்கள். வெறும் விரலுக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம், கவருக்குள் இருக்கிற விரலுக்கு ரவை தூவினது போல நெறுநெறுவென்று தெரியும். பெயின்டில் ஒட்டிக்கொண்ட பிரேக் தூள், தார்த் துளி, சிமெண்ட் தூசி எல்லாம் அதுதான். ரயில் பாதை ஓரம் வீடு என்றால் இரும்புத் தூள் இன்னும் அதிகமாக இருக்கும். அயர்ன் ரிமூவர் என்று விற்கிற திரவத்தை அடித்தால், இரும்பு இருக்கிற இடமெல்லாம் ஊதா நிறமாக ஒழுகும். நாற்றம் அழுகின முட்டைதான், மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று நான்கு நிமிடம் இருந்துவிட்டுக் கழுவிவிடுங்கள். காயவிடக் கூடாது.

மிச்சம் இருப்பதற்கு கிளே பார், பெயின்டில் ஒட்டினதை இழுத்தெடுக்கிற களிமண் மாதிரியான கட்டி. ஒரு துண்டைப் பிய்த்து, சப்பாத்தி உருண்டை போலத் தட்டையாக்கி, ஷாம்பு கலந்த தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். ஆரம்பத்தில் சரசரக்கும், பிறகு சத்தம் நின்று வழுக்கும். வழுக்கினால் அந்த இடம் முடிந்தது. கிளேயை மடித்துப் புது முகம் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்த கிளேயைக் கழுவிப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள், ஒட்டின மணல் வெளியே வராது. குப்பையில் போடுங்கள்.

டார்ச் அடித்துப் பார்ப்பது

மொத்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இது. பெரும்பாலானவர்கள் தாண்டிப்போகிற பகுதியும் இதுதான்.

ட்யூப்லைட் அடியில் சுழல் கீறல் தெரியாது. நீளமான, பரவின வெளிச்சம் கீறலை மறைத்துவிடும். ஒரே புள்ளியிலிருந்து வருகிற வெளிச்சம் வேண்டும்: நேர் வெயில், அல்லது இருட்டின பார்க்கிங்கில் ஒரு எல்.இ.டி. டார்ச். போன் டார்ச்சே ஆரம்பத்துக்குப் போதும். பெயின்டிலிருந்து ஒன்றிரண்டு அடி தள்ளிப் பிடித்து, நேராகவும் சாய்வாகவும் மாற்றி மாற்றி அடியுங்கள். உங்கள் கண்ணையும் நகர்த்துங்கள். ஒரே கோணத்தில் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

பார்ப்பதற்கு முன்னால் மறைக்கிற பொருளை எடுக்க வேண்டும். அந்த பங்க் ராத்திரிக்கு அப்புறம் சர்வீஸுக்கு விட்ட ஒரு இடத்தில், ரப்பிங் பாலிஷ் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும் சார் என்றார்கள். ஆனது. மூன்றாவது வாட்டர் வாஷில் பழையபடி ஆனது. போதாததற்கு வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்கப் புகை அலை மாதிரி நீள நீளமான நிழல்கள். நடந்தது என்னவென்று பிறகுதான் புரிந்தது. வறண்டு வெள்ளைக் கோடு விழுந்த காலில் தேங்காய் எண்ணெய் தடவினால் கோடு காணாமல் போகுமே, அதேபோல அந்த பாலிஷில் இருந்த எண்ணெயும் மெழுகும் கீறலை நிரப்பிவிட்டிருந்தன. கழுவக் கழுவ எண்ணெய் போய்விட்டது. டீசல் தொட்டுத் துடைத்து வண்டியை மினுக்குவதும் இதே கதை. நிழல் அலைகள் வேறு விஷயம்: ஒரே அச்சில் வேகமாகச் சுற்றுகிற ரோட்டரி மெஷினைத் தெரியாமல் ஓட்டினால் விழுகிற தடம் அது. ஹாலோகிராம் என்பார்கள்.

எண்ணெயை எடுக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மருந்துக் கடையில் 70 சதவீதக் கரைசலாகக் கிடைக்கும். அதில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு பேட்டரித் தண்ணீர் கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீரைத்தான் சொல்கிறேன், ஆசிட்டை இல்லை. அதில் உப்பு இல்லாததால் வட்டம் விழாது. தெளித்து, சுத்தமான மைக்ரோஃபைபரால் அழுத்தாமல் துடைத்துவிட்டு டார்ச் அடியுங்கள். இப்போது தெரிவதுதான் காரின் உண்மையான முகம். கொஞ்சம் கலவரமாகத்தான் இருக்கும்.

தெரிவதை வகை பிரியுங்கள். வெளிச்சத்தோடு நகர்கிற மெல்லிய வலை, சுழல் கீறல், பாலிஷில் போகும். தனியாக, நேராக ஓடுகிற கோடு என்றால் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தட்டவில்லை என்றால் முயற்சி செய்யலாம், முழுக்கப் போகாவிட்டாலும் மங்கும். நகம் தட்டினால் விட்டுவிடுங்கள். அதைத் துரத்திப் போனால் கிளியர் கோட்டின் அடியைத் தொட்டுவிடுவீர்கள். கோட்டுக்குள் வெள்ளையோ சாம்பலோ தெரிந்தால் பிரைமர் வரை போயிருக்கிறது, டச் அப் பெயின்ட்தான் வழி. பறவை எச்சம் அரித்த இடம் சுருங்கின தோல் போல இருக்கும். அதில் நகம் வழுக்கினாலும் ஆழம் இருக்கும், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பெயின்டின் தடிமனை அளக்கிற மீட்டர் இரவல் கிடைத்தால் விடாதீர்கள். ஒவ்வொரு பாகத்திலும் நாலைந்து இடத்தில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாக் கதவும் 110, 115 என்று காட்டும்போது ஒன்று மட்டும் 250 காட்டினால், அந்தக் கதவு மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டிருக்கிறது. 600, 1000 என்று போனால் அடியில் பட்டி இருக்கிறது. பழைய கார் வாங்கினவர்களுக்கு இது சில கசப்பான உண்மைகளைச் சொல்லும். மாறாக ஒரு இடத்தில் மட்டும் 80-க்குக் கீழே காட்டினால் அங்கே ஏற்கெனவே யாரோ நிறையச் சீவியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு மெஷினை விலக்கி வையுங்கள். இந்த மீட்டர் உலோகத்தின் மேல்தான் வேலை செய்யும், பிளாஸ்டிக் பம்பரில் ஒன்றும் காட்டாது. அது மொத்தத் தடிமனைத்தான் சொல்கிறது, கிளியர் கோட்டைத் தனியாகப் பிரித்துச் சொல்லாது.

மேட் பெயின்ட் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதில் பாலிஷ் போட்டால் அங்கங்கே பளபளப்பாகி அசிங்கமாகிவிடும். செராமிக் கோட்டிங் போட்ட கார் என்றால் பாலிஷ் அந்தக் கோட்டிங்கையும் சேர்த்து எடுத்துவிடும், காசு கொடுத்ததை நினைத்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மெஷினும் பேடும்

புதியவர்களுக்கு டி.ஏ. (டூயல் ஆக்ஷன்) பாலிஷர் மட்டும்தான். இதில் பேடு, அதாவது பாலிஷைத் தேய்க்கிற நுரை வட்டு, சுற்றிக்கொண்டே அலையவும் செய்வதால் ஒரே இடத்தில் சூடு சேராது. அதிகமாக அழுத்தினால் சுற்றுவது நின்றுபோகும், அதுவே ஒரு பாதுகாப்பு. ரோட்டரியை பெயின்டர்களுக்கு விடுங்கள். டிரில்லிங் மெஷினில் பஞ்சு மாட்டி ஓட்டுகிற வித்தையும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம்.

பேடை ஒட்டுவதற்கு மெஷினில் இருக்கிற தட்டு, அதாவது ஐந்து அங்குல பேக்கிங் பிளேட், அதற்கேற்ற நுரை பேடுகள் குறைந்தது ஆறு: மெத்தென்றது மூன்று, கொஞ்சம் கடினமானது மூன்று. நிறத்தை வைத்து வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் ஆரஞ்சு இன்னொரு கம்பெனியின் மஞ்சள். மென்மையாகச் சீவுகிற ஒரு ஃபினிஷிங் பாலிஷ், அதைவிடக் கடுமையாகச் சீவுகிற ஒரு காம்பவுண்டு. அப்புறம் மாஸ்கிங் டேப், பத்துப் பன்னிரண்டு மைக்ரோஃபைபர் துணி, ஒரு நைலான் பிரஷ். பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஓடும்போது கோடு சுற்றுவது தெரிந்தால் பேடு சுற்றுகிறது. தெரியவில்லை என்றால் அழுத்தம் அதிகம், அல்லது சாய்த்துப் பிடிக்கிறீர்கள்.

அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் கரண்ட் எடுக்கப்போகிறீர்கள் என்றால் அசோசியேஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எர்த் உள்ள எக்ஸ்டென்ஷன் ஒயர், காய்ந்த தரை. ஒயரைத் தோள் மேல் போட்டுக்கொள்ளுங்கள், பெயின்டில் உரசக் கூடாது. கண்ணாடியும் மாஸ்கும் போட்டுக்கொண்டு, மோதிரம், வாட்ச், பெல்ட் மூன்றையும் கழற்றி வையுங்கள். கீறலை எடுக்கப்போய் பெல்ட் பக்கிளால் கதவில் புதுக்கோடு போட்டவர்கள் உண்டு.

ஒரு சதுர அடியில் சோதனை

முழுக் காரைத் தொடுவதற்கு முன்னால், பானெட்டில் சமதளமான இடத்தில் ஒரு சதுர அடிக்கு டேப் ஒட்டுங்கள். டேப்புக்கு உள்ளே வேலை, வெளியே பழைய நிலை. பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும். இரும்பு, அலுமினியப் பாத்திரம் தேய்ப்பது போலக் கடினமானதில் ஆரம்பிக்கத்தான் கை போகும். இங்கே தலைகீழ். இருப்பதிலேயே மெத்தென்ற பேடு, மென்மையான ஃபினிஷிங் பாலிஷ். அதில் போய்விட்டால் அதோடு சரி.

புது பேடில் முதல் முறை மட்டும் கொஞ்சம் அதிகமாக பாலிஷ் வைத்து முகம் முழுக்கப் பூசிக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் பட்டாணி அளவில் மூன்று சொட்டு போதும். மெஷினை ஓடவிடாமல் பெயின்டின் மேல் வைத்து நாலு இடத்தில் ஒத்தி எடுங்கள். பிறகு 1-ஆம் வேகத்தில் பரப்பி, 4 அல்லது 5-க்கு ஏற்றுங்கள். காற்றில் வைத்து ஆன் செய்தால் பாலிஷ் சுவரெல்லாம் தெறிக்கும், ஒரு தடவை செய்துவிட்டு நீங்களே சிரிப்பீர்கள்.

இனி நகர்த்துவது. இடமிருந்து வலம், ஒவ்வொரு வரிசையும் முந்தையதில் பாதியை மூடுகிற மாதிரி. முடிந்ததும் மேலிருந்து கீழ், அதே மாதிரி. இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று. இப்படி இரண்டு அல்லது மூன்று சுற்று. நகர்கிற வேகம் வினாடிக்கு ஒரு அங்குலம். இது நினைப்பதைவிட ரொம்ப மெதுவானது. ஒரு அடியைக் கடக்க ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை நிதானமாக எண்ண வேண்டும். முதல் நாள் எல்லோருமே வீடு பெருக்குகிற வேகத்தில்தான் ஓட்டுகிறோம், கீறல் அசையாது. மெஷினின் எடையோடு கையை லேசாகச் சேர்த்தால் போதும், பேடு சாயாமல் தட்டையாக இருக்கட்டும்.

பாலிஷ் பால் போல வெள்ளையாக இருந்தது மெல்ல மெல்லத் தெளிந்து, எண்ணெய்ப் படலம் மாதிரி ஆகும்போது நிறுத்துங்கள். துடைத்து, ஆல்கஹால் கரைசல் தெளித்து மறுபடி துடைத்து, டார்ச். ஆல்கஹாலை விட்டுவிட்டால் மினுக்குவது பாலிஷின் எண்ணெயா பெயின்டா என்று தெரியாது. நான் ஏமாந்ததும் அங்கேதான்.

வலை முக்கால்வாசிக்கு மேல் போயிருந்தால் காருக்கு இந்தச் சேர்க்கையே போதும். போகவில்லை என்றால் அதே பாலிஷ், கடினமான பேடு. அதற்கும் மசியவில்லை என்றால் காம்பவுண்டு, கடினமான பேடு. காம்பவுண்டு போட்ட இடத்தில், கறுப்புக் காரில் முக்கியமாக, ஒரு மங்கல் விழும். அதை எடுக்க மறுபடி ஃபினிஷிங் பாலிஷ் மெத்தென்ற பேடில் ஒரு முறை. பேடில் காரின் நிறம் ஒட்டினால் பயந்து நிறுத்துங்கள், ஏனென்றால் கிளியர் கோட்டுக்கு நிறமில்லை. ஆனால் பழைய அம்பாசடர் காலத்துக் கார்களில் கிளியர் கோட் இல்லாமல் நிறம் மட்டுமே அடித்திருப்பார்கள். அவற்றில் பேடு நிறமாவது இயல்பு.

நூற்றுக்கு நூறு எடுக்க ஆசைப்படாதீர்கள். தினமும் சென்னை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓடுகிற காருக்கு முக்கால்வாசி போதும், மிச்சக் கிளியர் கோட் பின்னால் உதவும்.

முழுக் கார்

சோதனையில் தேறின சேர்க்கையை எழுதி வைத்துக்கொண்டு, அதையே எல்லா இடத்திலும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி என்று பகுதி பிரித்து ஓட்டுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேடை நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, சேர்ந்த தூளை உதறுங்கள். பேடு நனைந்து சொதசொதவென்று ஆகும்போது மாற்றுங்கள். ஆறு பேடு கேட்டது இதற்குத்தான். கீழே விழுந்த பேடும் துணியும் அன்றைக்கு ஓய்வு.

அடிக்கடி புறங்கையால் பெயின்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்தி ஆறவிடுங்கள். பிளாஸ்டிக் பம்பர் சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும், அங்கே வேகத்தையும் அழுத்தத்தையும் குறைக்க வேண்டும். சித்திரை வெயிலில் பத்து மணிக்கு மேல் நிழலில்கூட பாலிஷ் காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. காலை ஆறு மணிக்கு ஆரம்பிப்பது நல்லது. சின்னக் காருக்கே ஒரு முழு நாள் ஆகும். கழுவுவதும் கிளேயும் முந்தின நாளே முடியட்டும்.

விளிம்புகள்தான் ஆபத்து. பாடியில் மடிப்பாக ஓடுகிற கோடு, கதவின் ஓரம், பானெட்டின் முன்விளிம்பு இங்கெல்லாம் பெயின்ட் மெல்லியதாகத்தான் நிற்கும். மெஷினின் அழுத்தமும் அந்தக் கோட்டில்தான் குவியும். முதல் முறை நான் மடிப்புக்கெல்லாம் டேப் ஒட்டினேன், பின்பக்க இடது ஃபெண்டரின் மேல்மடிப்பை மட்டும் சோம்பலில் விட்டேன். ஒரு நொடி பேடு சாய்ந்து அதன் மேல் நின்றிருக்கும். துடைத்துப் பார்த்தபோது ஒரு அரிசி மணி நீளத்துக்குப் பளபளப்பே இல்லை, விரலுக்கும் வித்தியாசம் தெரிந்தது. டச் அப் வைத்திருக்கிறேன். எங்கே என்று சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும், ஆனால் என் கண் ஒவ்வொரு முறையும் அங்கேதான் போகிறது. டேப் ஒட்ட அரைமணி நேரம் ஆகும். ஒட்டுங்கள். பிளாஸ்டிக், ரப்பர் பட்டை, எம்ப்ளம் மேலும் ஒட்டுங்கள், காய்ந்த பாலிஷ் அவற்றில் வெள்ளையாக ஏறினால் லேசில் போகாது.

கதவுக் கைப்பிடியின் பின்னால் இருக்கிற குழியில் நகக் கீறல் நிறைய இருக்கும். அங்கே மெஷின் போகாது. ஃபோம் அப்ளிகேட்டரில், அதாவது கையால் தேய்க்கிற சின்ன நுரைத் துண்டில், ஒரு சொட்டு காம்பவுண்டு, இரண்டு விரலால் முன்னும் பின்னும், பிறகு ஃபினிஷிங் பாலிஷ். மெஷின் இல்லாதவர்கள் முழுக் காரையும் இப்படிக் கையால் செய்யலாமா என்று கேட்பார்கள். ஒரு சதுர அடி செய்து பாருங்கள், தோள்பட்டையே பதில் சொல்லும். லேசான வலை கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்.

முடிந்த பிறகு

கடைசியாக ஒரு முறை ஆல்கஹால் கரைசலில் துடைத்து, வாக்ஸோ, செயற்கைப் பூச்சான சீலன்ட்டோ மெல்லியதாகப் பூசுங்கள். கீறலை எடுத்த பெயின்டுக்கு இனி ஒரு மேல்பூச்சு இருந்தால் தூசி அவ்வளவாக ஒட்டாது, கழுவும்போது சுலபமாக வழுக்கும். நம் வெயிலுக்கு, பனை வகை மரத்து மெழுகான கர்னவுபா வாக்ஸ் அதிக நாள் நிற்பதில்லை. சீலன்ட் இன்னும் சில மாதம் கூடுதலாக வரும்.

பேடுகளை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கசக்கி, பிழியாமல் அழுத்தித் தண்ணீரை எடுத்து, முகம் கீழே பார்க்க நிழலில் காயவையுங்கள். காய்ந்ததும் ஜிப் கவரில் போட்டு, எது காம்பவுண்டுக்கு எது ஃபினிஷிங்குக்கு என்று மேலே எழுதிவிடுங்கள். ஒரே பேடில் இரண்டையும் கலந்தால் அடுத்த முறை எதற்கு மங்கல் விழுந்தது என்று தெரியாமல் அரை நாள் போகும்.

மிச்சம் இருந்தது, எங்கள் பிளாக்கில் காலையில் வண்டி துடைக்கிற அண்ணன். இரண்டு பக்கெட்டும் கையுறையும் வாங்கிக் கொடுத்து, இனி இதில் துடையுங்கள் அண்ணே என்றேன். அவர் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு வண்டிக்கு ரெண்டு பக்கெட்டா சார்? எனக்கு ஏழரை மணிக்குள்ள பன்னெண்டு வண்டி முடியணும்." அவர் சொன்னதும் நியாயம்தான். கடைசியில் இப்படிப் பேசி முடித்தோம்: கண்ணாடி, டயர், உள்ளே மிதியடி அவர், பாடி மேல் துணி படக் கூடாது, அது ஞாயிற்றுக்கிழமை நான். சம்பளத்தில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. துடைக்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறேன்.